பிளாக்கர் தீமில் சேர்த்த சின்னச் சின்ன கோடு (code) துண்டுகள்: நிலைத்தவை எவை, நின்றுபோனவை எவை?

கூகுளின் வலைப்பூச் சேவையான பிளாக்கரில் ஒரு தீம் (வலைப்பூவின் தோற்ற வார்ப்பு) எடுத்து, அங்கங்கே நாலு வரி கோடு சேர்த்து நம் வசதிக்கு மாற்றிக்கொள்வது சுலபம். அந்த வரிகள் சில ஆண்டுகள் கழித்தும் வேலை செய்கின்றனவா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நெடுநாள் பயன்பாட்டில், பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் வரிகள் நிலைத்து நிற்கின்றன. வேறொருவருடைய சர்வரை நம்பிய ஸ்கிரிப்டுகள் (பக்கத்தில் ஓடும் சிறு நிரல்கள்) ஒவ்வொன்றாக விழுந்துவிடுகின்றன.

தமிழ் வலைப்பூவுக்கு முதலில் கை வைக்க வேண்டியது வரி இடைவெளியில். பல தீம்களில் இருக்கும் லைன்-ஹைட் (வரி உயரம், எழுத்தளவின் மடங்காக) 1.4 ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்தது. தமிழில் மேலே கீ, லீ-யின் சுழியும் கீழே று, ழு-வின் வளைவும் இடம் கேட்கும். பதிவின் உடலுக்கு 17 அல்லது 18 பிக்சல் எழுத்து, லைன்-ஹைட் 1.8, தலைப்புக்கு 1.4 என்று வைத்தால் கண் உறுத்தாமல் படிக்கலாம். 1.8 என்பதை வெறும் எண்ணாகவே கொடுங்கள். 30 பிக்சல் என்று கொடுத்தால், தனி அளவு சொல்லாத தலைப்புகளுக்கும் அதே 30 இறங்கி, இரண்டு வரித் தலைப்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறும். தலைப்புப் பெட்டிக்கு நிலையான உயரமும் ஓவர்ஃப்ளோ ஹிட்டனும் (வெளியே வழிவதை மறைப்பது) சேர்ந்திருந்தால் சுழிகள் வெட்டுப்படும். அங்கே ஹைட்டை எடுத்துவிட்டு மின்-ஹைட் (min-height, குறைந்தபட்ச உயரம்) போடுங்கள்.

எழுத்துருவுக்கு முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் மூன்றும் கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்கின்றன. 400, 700 இரண்டு தடிமன் மட்டும் ஏற்றினால் போதும், ஃபான்ட்-டிஸ்ப்ளே ஸ்வாப் (எழுத்துரு வந்து சேரும்வரை வேறொன்றில் காட்டச் சொல்வது) மறக்கக் கூடாது. 700-ஐ ஏற்றாமல் போல்ட் கேட்டால் உலாவி தானே எழுத்தைத் தடிப்பாக்கும், ண, ணை போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். இட்டாலிக்கும் அப்படித்தான்: இந்த எழுத்துருக்களில் சாய்வு வடிவம் கிடையாது, உலாவி சாய்த்துக் காட்டுவது பார்க்கச் சகிக்காது. மேற்கோள் பகுதிக்கு ஃபான்ட்-ஸ்டைல் நார்மல் என்று வைத்து, இடப்பக்கம் 3 பிக்சல் கோடு ஒன்று கொடுங்கள்.

நீளமான தமிழ்ச் சொல் மொபைல் திரையை விட்டு வெளியே ஓடுகிறது என்று வேர்ட்-பிரேக் பிரேக்-ஆல் போடச் சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு. போடாதீர்கள். அது ஓடாத சொல்லையும் வரி முடிவில் கண்ட இடத்தில் பிளக்கும். ஓவர்ஃப்ளோ-ராப் பிரேக்-வேர்ட் என்பதே சரி, வேறு வழியில்லாத சொல்லை மட்டும் உடைக்கும். ஜஸ்டிஃபை அலைன்மென்டும் வேண்டாம். சொற்கள் நீளம், மொபைல் வரி குறுகல், நடுவே பெரிய ஓட்டைகள் விழும்.

இவை எல்லாவற்றையும் தீம் பகுதியில் தனிப்பயனாக்கு, மேம்பட்டவை, சிஎஸ்எஸ் சேர் என்ற பெட்டியிலேயே போடலாம். எச்டிஎம்எல் திருத்தும் பக்கத்துக்குப் போக வேண்டியது ஸ்கிரிப்டுக்கும் விட்ஜெட் (பக்கத்தில் வைக்கும் சிறு பெட்டி) மாற்றத்துக்கும்தான். போவதற்கு முன் காப்புப்பிரதியை இறக்கி, தேதி போட்டு வையுங்கள். அந்தப் பக்கம் எக்ஸ்எம்எல் விதிப்படி இயங்குகிறது. மூடாத ஒரு டேக், ஸ்கிரிப்டில் வெறுமனே நிற்கும் ஒரு & குறி, இரண்டில் எது இருந்தாலும் சேமிக்க விடாது. ஸ்கிரிப்டின் உள்ளடக்கத்தை முழுதாக, உள்ளதை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லும் சிடேட்டா (CDATA) உறைக்குள் வைத்தால் & பிரச்சினை தீர்ந்தது.

லேபிளை வைத்து 'தொடர்புடைய பதிவுகள்' காட்டும் ஸ்கிரிப்டு, பிளாக்கரின் சொந்த ஃபீடை (பதிவுகளைத் தானே பட்டியலிட்டுத் தரும் கோப்பு) நம்பியிருப்பதால் நீண்ட காலம் ஓடும். ஆனால் தமிழ் லேபிளில் தடுக்கும். 'சமையல்' என்பது யூனிகோடில் 6 குறிகள். முகவரியில் ஒவ்வொன்றும் சதவீதக் குறியோடு 9 எழுத்தாகும், ஆக மொத்தம் 54. ஸ்கிரிப்டில் இப்படி மாற்றித் தரும் என்கோட்-யுஆர்ஐ-காம்பொனென்ட் இல்லையென்றால் சில சூழல்களில் பட்டியல் காலியாக வரும். பதிவுச் சுருக்கத்தை 150 குறிகளில் வெட்டும் ஸ்கிரிப்டையும் திருத்தியாக வேண்டும். வெட்டு க-வுக்கும் அதன் இகரக் குறிக்கும் நடுவே விழுந்தால் 'கி' இருந்த இடத்தில் 'க' நிற்கும், சொல்லே மாறிவிடும். 150-க்கு முன்னுள்ள கடைசி இடைவெளியைத் தேடி அங்கே வெட்டச் சொன்னால் எழுத்து சிதையாது.

நின்றுபோனவற்றின் கதை வேறு. கோப்புகளை வைக்க இடம் தந்த கூகுள் கோடு (Google Code) சேவையில் கோப்பை வைத்து ஓட்டிய மெனுக்களும் ஸ்லைடர்களும் அந்தச் சேவை 2016-இல் மூடப்பட்டதும் போயின. கூகுள் பிளஸ் பொத்தான்களும் கருத்துப்பெட்டியும் 2019-இல் நின்றன. புதுப் பதிவை வாசகருக்கு அனுப்பிவந்த ஃபீட்பர்னரின் மின்னஞ்சல் சந்தா 2021-இல் நிறுத்தப்பட்டது, ஆனால் அந்தப் படிவம் பல வலைப்பூக்களின் பக்கப்பட்டையில் இன்னும் முகவரி கேட்டுக்கொண்டிருக்கிறது, வாசகருக்கு எதுவும் போகாது. வெளிக்கோப்பை அழைக்கும் வரி ஒவ்வொன்றையும் ஆண்டுக்கு ஒருமுறை சரிபாருங்கள். நூறு வரிக்குள் அடங்கும் ஸ்கிரிப்டு என்றால், உரிமம் அனுமதிக்கும்பட்சத்தில், தீமுக்குள்ளேயே ஒட்டிவிடுங்கள்.

வேறு தீமுக்கு மாறினால் எச்டிஎம்எல்லில் செய்த திருத்தங்கள் போய்விடும். சிஎஸ்எஸ்ஸை எடுத்து வைத்து மறுபடி ஒட்டினாலும் பாதி வரிகள் வேலை செய்யாது, பிழைச் செய்தியும் வராது. காரணம், பழைய சிம்பிள் தீமும் 2017-இல் வந்த கன்டெம்போவும் தலைப்புக்கும் பட்டைக்கும் வெவ்வேறு கிளாஸ் பெயர்களை (சிஎஸ்எஸ் ஒரு பகுதியை அடையாளம் காணும் பெயர்கள்) வைத்திருக்கின்றன. உலாவியில் வலது கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் திறந்து, புதுப் பெயரைப் பார்த்து மாற்றுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் மேலே 'இது எதற்கு' என்று ஒரு வரிக் குறிப்பு எழுதியிருந்தால் அரை மணி நேரத்தில் வேலை முடியும்.