ஹெச்டபிள்யூமானிட்டரா, ஹெச்டபிள்யூஇன்ஃபோவா?

கேம் ஆடும்போது கணினி பட்டென்று அணைந்துபோகிறது, எதைப் போட்டுப் பார்ப்பது என்று கேட்பவர்கள் கடைசியில் கணினியின் சூடு, வோல்டேஜ் போன்ற சென்சார் அளவுகளைக் காட்டும் இந்த இரண்டு மென்பொருள்களில்தான் வந்து நிற்கிறார்கள்.

செலவு: வீட்டு உபயோகத்துக்கு இரண்டும் இலவசம்.

எளிமை: ஹெச்டபிள்யூமானிட்டரில் இப்போதைய அளவு, குறைந்தது, அதிகபட்சம், அவ்வளவுதான். ஹெச்டபிள்யூஇன்ஃபோ வரிவரியாகக் கொட்டும். திறக்கும்போதே ‘சென்சார்ஸ் ஒன்லி’யை டிக் செய்தால் பாதி மிரட்சி போய்விடும்.

பதிவு: எனக்கு முடிவு தெரிந்தது இங்கேதான். கணினி அணைந்துவிட்டால் திரையில் இருந்த எண்களும் போய்விடும், ஆனால் ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் லாகிங்கை முடுக்கிவிட்டால் எல்லா அளவையும் சில நொடிக்கு ஒருமுறை எக்செலில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பில் எழுதிக்கொண்டே போகும். என் கணினி அணைந்த பிறகு அந்தக் கோப்பின் கடைசி வரிகளைப் பார்த்தேன்: சிபியூ 62 டிகிரிதான், ஆனால் பவர் சப்ளையிலிருந்து 12 வோல்ட் என்று வர வேண்டியது 11.1. கணினி பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் 2.x விதிப்படி 11.4-க்குக் கீழே போகக்கூடாது. மதர்போர்டு காட்டும் வோல்டேஜை அப்படியே நம்பக்கூடாது என்பதால் மல்டிமீட்டர் வைத்தும் பார்த்தேன், பவர் சப்ளையேதான்! ஹெச்டபிள்யூமானிட்டரின் இலவசப் பதிப்போடு இருந்திருந்தால் சூட்டையே சந்தேகித்துக்கொண்டிருப்பேன்.

பிழை: விண்டோஸ் பதிவுசெய்யும் வியா (WHEA) எனப்படும் வன்பொருள் பிழைகளையும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ எண்ணிக் காட்டும். ஓவர்கிளாக் செய்தவர்களுக்கு, அதாவது சிபியூவை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுபவர்களுக்கு, இது அவசியம்.

தூசு தட்டிய பிறகு சூடு குறைந்ததா என்று மட்டும் பார்க்க ஹெச்டபிள்யூமானிட்டர் போதும். காரணமே தெரியாமல் அணைகிறது என்றால் ஹெச்டபிள்யூஇன்ஃபோ. அப்புறம், இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டாதீர்கள். ஒரே சென்சாரை இரண்டும் படிக்கப்போய்த் தப்பான எண் வரலாம்.