முன்பதிவு செய்தது கடற்கரைச் சாலையில், அறை கொடுத்தது பின்தெருவில்

கடலோரச் சுற்றுலா நகரங்களில் எளிய விடுதியைத் தேடிப் போகிறவர்கள் அறையின் வசதிக்காகப் பணம் கொடுப்பதில்லை. கடற்கரைக்கு நடந்தே போய்வரலாம் என்பதற்காகத்தான் கொடுக்கிறார்கள். அந்த ஒன்றிலேயே எங்களை ஏமாற்றிய விதத்தை, விடுமுறைக்கு அறை தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முன்பதிவுத் தளத்தில் பார்த்த விடுதி கடற்கரைச் சாலையிலேயே இருந்தது. முகவரியும் நிலப்படமும் ஒளிப்படங்களும் பொய்யல்ல. ஆனால் வரவேற்பு மேசையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்த பிறகு, பெட்டியைத் தூக்கிய ஊழியர் மாடிப்படி ஏறாமல் வாசலுக்கு வெளியே நடந்தார். சாலையைக் கடந்து, சந்து ஒன்றில் திரும்பி, கடல் கண்ணில் படாத ஒரு பின்தெருக் கட்டடத்துக்கு எங்களை அழைத்துச் சென்று, "இதுவும் நம்ம விடுதிதான் சார், இணைப்புக் கட்டடம்" என்றார்.

திரும்பிப் போய்க் கேட்டபோது, முன்கட்டடத்தில் எல்லா அறைகளும் நிரம்பிவிட்டதாக மேலாளர் சொன்னார். கூடுதல் கட்டணம் தருவதாக இருந்தால் கடலைப் பார்த்த அறை ஒன்றை ஏற்பாடு செய்யலாம் என்று அடுத்த மூச்சிலேயே சேர்த்துக்கொண்டார். நிரம்பிய விடுதியில் அந்த அறை எங்கிருந்து முளைத்தது என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை. சிலர் ரத்து செய்வார்கள் என்ற கணக்கில், இருக்கும் அறைகளைவிட அதிகமான முன்பதிவுகளை ஏற்பது விடுதித் தொழிலில் வழக்கமே. அப்படிக் கணக்குத் தப்பினால் நிகரான அல்லது மேலான அறையைத் தங்கள் செலவில் பெற்றுத் தருவதுதான் முறை. தாழ்ந்த அறையை அதே கட்டணத்துக்குத் தள்ளிவிடுவது அல்ல.

அறையின் குறைகளை நான் பெரிதுபடுத்தவில்லை. கடற்காற்றின் உப்பு ஏசி இயந்திரத்தின் உலோகத் தகடுகளை அரிப்பதும், தரைத்தளச் சுவர்களில் ஈரம் ஏறுவதும் இத்தகைய ஊர்களில் எதிர்பார்க்கக் கூடியவைதான். (சன்னலைத் திறந்தால் பக்கத்துச் சமையலறையின் புகைபோக்கி நேரெதிரே இருந்ததை மட்டும் எதிர்பார்க்கவில்லை.) சிக்கல் என்னவென்றால், நாங்கள் கையெழுத்திட்ட பதிவுப் படிவத்தின் அடியில், ஒதுக்கப்பட்ட அறையை விருந்தினர் ஏற்றுக்கொள்வதாக ஒரு வரி பொடி எழுத்தில் இருந்தது, மேலாளர் அதையே திரும்பத் திரும்பக் காட்டினார். அறையைக் காட்டிய பிறகே கையெழுத்திடுவோம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அதற்கு அவர்கள் இணங்காவிட்டால், கையெழுத்துக்குப் பக்கத்தில் "அறையை இன்னும் பார்க்கவில்லை" என்று எழுதி, படிவத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு வைப்புத்தொகை கேட்டால் டெபிட் கார்டை நீட்டாதீர்கள். அதில் நிறுத்திவைக்கப்படுவது உங்கள் கணக்கிலுள்ள பணமே. விடுதி விடுவித்த பின்னும் வங்கிக் கணக்குக்கு வந்துசேரச் சில நாட்கள் ஆகலாம். கிரெடிட் கார்டில் கடன் வரம்பு மட்டுமே குறையும். சொன்னபடி சேவை தரப்படவில்லை என்று கார்டு வழங்கிய வங்கியிடம் முறையிடவும் வழி உண்டு. அதற்குப் பெரும்பாலும் 120 நாள் வரை அவகாசம் இருக்கும் என்றாலும், முதலில் விடுதியிடமே தீர்வு கேட்டதற்கான சான்றை வங்கி எதிர்பார்க்கும். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் இந்த வழி கிடையாது.

எங்கள் விவகாரத்தில், முன்பதிவுப் பக்கத்தின் திரைப்பிடிப்பும் இரண்டு கட்டடங்களுக்கு இடையிலான தூரத்தைக் காட்டும் நிலப்படமும் கையில் இருந்ததால், முன்பதிவுத் தளம் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தது. அதுவும் அன்றிரவே புகார் பதிந்திருந்ததால்தான் கிடைத்தது. தங்கி முடித்துவிட்டுச் சொல்லியிருந்தால் அறையை ஏற்றுக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இத்தகைய விடுதிகளைத் தேர்வு செய்யும்போது மொத்த மதிப்பெண்ணை நம்பவேண்டாம், ஏனெனில் நல்ல இடத்தில் அமைந்திருப்பது ஒன்றே அதை உயர்த்திவிடும். அண்மைய விமர்சனங்களில் "இணைப்பு", "வேறு கட்டடம்" போன்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். பணம் செலுத்தும் முன், எங்கள் அறை எந்தக் கட்டடத்தில், எந்த மாடியில் என்று முன்பதிவுத் தளத்தின் செய்திப் பகுதியிலேயே எழுதிக் கேளுங்கள். தொலைபேசியில் கிடைக்கும் உறுதிமொழியைப் பின்னர் யாரிடமும் காட்ட முடியாது.