டெபியன் தலைவரா, பைத்தான் ஐவர் குழுவா?

தன்னார்வலர்கள் நடத்தும் மென்பொருள் திட்டத்துக்கு எந்தத் தலைமை முறை நல்லது? 2018 ஜூலையில், பைத்தான் நிரல்மொழியை உருவாக்கிய கீடோ வான் ராஸம் அதன் தலைமையை உதறினார். ‘:=’ என்ற குறியீட்டை மொழியில் சேர்ப்பது பற்றிய சச்சரவில் அலுத்துப்போயிருந்தார். வாரிசாக யாரையும் கைகாட்டவில்லை. மொழியைப் பராமரிக்கும் கோர் டெவலப்பர்கள் புதிய தலைமை முறைக்கு ஏழு திட்டங்களை எழுதி, டிசம்பரில் வாக்கெடுத்தார்கள். ஒற்றைத் தலைவர், மூவர் அணி எல்லாம் போட்டியில் இருந்தன. ஐவர் குழு ஜெயித்தது.

தன்னார்வலர்கள் உருவாக்கும் லினக்ஸ் இயங்குதளமான டெபியன், தலைமை முறையை வகுக்கும் இந்த வேலையை 1998-லேயே முடித்துவிட்டது. அதன் சாசனப்படி ஆண்டுக்கொரு தலைவர். வாக்காளர்கள் வேட்பாளர்களை விருப்ப வரிசையில் அடுக்க வேண்டும். ‘மேற்கண்ட எவரும் இல்லை’ என்பதும் அந்த வரிசையில் உண்டு. நம்மூர் நோட்டாவைப் போலப் பல் இல்லாதது அல்ல, அதைத் தாண்டாதவர் தலைவராக முடியாது.

சரி, அப்படி ஜெயித்து வருபவர் கையில் என்ன இருக்கிறது? பொறுப்பாளர்களை நியமிக்கலாம், செலவுக்கு ஒப்புதல் தரலாம், வெளியே டெபியன் சார்பில் பேசலாம். யாரையும் வேலை வாங்க முடியாது; திட்டத்துக்காக உழைக்கும் கடமை யாருக்கும் இல்லை என்று சாசனமே சொல்கிறது. 2014-ல், கணினி தொடங்கும்போது மற்ற சேவைகளை இயக்கிவைக்கும் சிஸ்டம்டி என்ற மென்பொருளை ஏற்பதா என்ற விவகாரம் வெடித்தபோது டெபியனின் தொழில்நுட்பக் குழு நாலுக்கு நாலு எனப் பிளந்தது. குழுத் தலைவரின் கூடுதல் ஓட்டில்தான் முடிவு வந்தது. திட்டத்தின் தலைவருக்கு அதில் ஓட்டே இல்லை. பொறுப்பு பெரிது, அதிகாரம் சிறிது. 2019-ல் முதல் கெடுவுக்குள் ஒருவர்கூட வேட்புமனு போடாததில் எனக்கு வியப்பில்லை. கெடுவை ஒரு வாரம் நீட்டிய பிறகுதான் ஆள் வந்தது.

பைத்தான் குழுவுக்கு அதிகாரம் ஏராளம். ஆனால் அதை முடிந்தவரை பயன்படுத்தாமலிருக்க வழி தேட வேண்டும் என்பதும் விதி. ஒரே நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் இரண்டு பேருக்கு மேல் குழுவில் இருக்கக் கூடாது. நிரலை எல்லோருக்கும் திறந்துவைக்கும் ஓப்பன் சோர்ஸ் உலகில் பெரிய கம்பெனிகளின் ஆட்கள் நிறைந்திருக்கும் இந்தக் காலத்துக்கு இதுதான் ஆகச் சிறந்த விதி என்பேன். ஐந்து பேரும் சேர்ந்து சொதப்பினால், மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் கோர் டெவலப்பர்கள் அவர்களை வீட்டுக்கு அனுப்பலாம்.

பைத்தான் நிரலில் ஒரு நேரத்தில் ஒரு இழையை (த்ரெட்) மட்டுமே ஓடவிடும், ஜில் எனப்படும் பூட்டை நீக்கும் திட்டத்தை 2023-ல் இந்தக் குழுதான் ஏற்றது. படிப்படியாகப் போகலாம், ஒத்துவராவிட்டால் திரும்பிவிடலாம் என்று நிபந்தனையும் போட்டது. அவ்வளவு பெரிய மாற்றத்துக்குப் பொறுப்பேற்றுப் பதில் சொல்ல ஐந்து பேர் இருந்தார்கள். டெபியனில் இதே அளவு விஷயம் பொது வாக்கெடுப்பு வரை இழுபடும். சிஸ்டம்டி சண்டை 2019-லும் ஒரு வாக்கெடுப்பைக் கண்டது.

புதிதாகத் தொடங்கும் தன்னார்வக் குழுவுக்கு நான் ஐவர் முறையைத்தான் சொல்வேன். ஆனால் டெபியன் சாசனத்திலிருந்து ஒரு விதியை உருவி அதில் சேர்த்துவிடுவேன்: தலைமை எடுத்த முடிவைச் சாதாரண உறுப்பினர்களே வாக்கெடுத்து மாற்றும் உரிமை.