டிஸ்க், டிரம், சுத்தியல்: மரம் வெட்டும் தொழிலுக்கு எந்தச் சிப்பர்?

மரக்கொப்புகளைச் சிறு துண்டுகளாக்கும் மெஷின்தான் சிப்பர். அதை விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது “எத்தனை இஞ்ச் கட்டை உள்ளே போகும்?” என்றுதான். அடுத்தது எச்.பி. இரண்டும் கேட்க வேண்டியவைதான். ஆனால் நாள் முழுக்கக் கொப்பு தள்ளும் தொழிலில், கட்டையை இழுக்கும் ரோலரும் கத்தியைக் கழற்றி மாட்டும் வசதியும்தான் மெஷினின் உண்மையான தரம். இவை இரண்டும் ஒழுங்காக இருந்தால் 6 இஞ்ச் மெஷினே, இவை சரியில்லாத 9 இஞ்ச் மெஷினைவிட அதிக லோடு முடிக்கும்.

பட்டியலில் 6 இஞ்ச் என்று போட்டிருப்பது நேரான உருளைக் கட்டைக்கான கணக்கு. தெருவோர வேம்பும் தூங்குமூஞ்சியும் அப்படி வளர்வதில்லை. கவைவிட்ட 3 இஞ்ச் கொப்பு 6 இஞ்ச் வாயில் குறுக்கே நின்றுவிடும். ஆள் அரிவாளோடு நின்று கவையை ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். அந்தக் கூலியைச் சேர்த்துப் பார்த்தால் விலை குறைந்த மெஷின் விலை கூடியதாகிவிடும். அதனால் ரோலருக்கு முன்னால் உள்ள திறப்பின் அகலம், உயரம் இரண்டையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். வாய் அகலமாக இருந்து, ரோலர் நன்றாக மேலே எழும்பக்கூடியதாக இருந்தால் கவையை நசுக்கி உள்ளே இழுத்துக்கொள்ளும்.

வகைகளுக்கு வருவோம். டிஸ்க் சிப்பரில் கனமான இரும்புத் தட்டின் முகத்தில் இரண்டு முதல் நான்கு கத்திகள் இருக்கும். கட்டை எப்போதும் ஏறத்தாழ ஒரே கோணத்தில் கத்தியைச் சந்திப்பதால் துண்டு ஒரே சீராக விழும். கொதிகலனுக்கோ மூடாக்குக்கோ துண்டை விற்பவர்களுக்கு இதுதான் சரி. தட்டின் பின்பக்க விசிறித் தகடுகளே துண்டை வெளியே வீசும், ஆர்.பி.எம். குறைந்தால் வீச்சும் குறையும். டிரம் சிப்பரில் கத்திகள் உருளையின் மேல். இலையும் கொப்புமாக அடர்ந்த கழிவை அது வாரி இழுத்துக்கொள்ளும். துண்டு கொஞ்சம் ஏறுமாறாகவும் தூசி அதிகமாகவும் இருக்கும். அமெரிக்காவின் பாண்டிட் இரண்டு வகையையும் செய்கிறது. வெர்மீர் பிசி1000எக்ஸ்எல் போன்ற 12 இஞ்ச் மெஷின்கள் டிரம் வகை. பிரிட்டனின் கிரீன்மெக் வட்டக் கத்தி போடுகிறது. ஒரு பக்கம் மழுங்கினால் கத்தியைத் திருப்பி அடுத்த பக்கத்தைப் பயன்படுத்தலாம். ஆணி நிறைந்த ஊர் மரங்களுக்கு இது பெரிய வரம்.

மூன்றாவது வகை, பொள்ளாச்சிப் பக்கத் தென்னந்தோப்புகளில் ஓடும் சுத்தியல் மெஷின். இதில் கத்திக்குப் பதில் சுழலும் சுத்தியல்கள் அடித்து நொறுக்கும். மட்டைக்கு அருமையானது. கல், மண் பட்டாலும் தாங்கும். ஆனால் பச்சைக் கட்டையைக் கொடுத்தால் வெட்டாது, நார் நாராகக் கிழிக்கும்; பெல்ட் சூடேறி வழுக்கத் தொடங்கும். மரக்கிளையையே நம்பித் தொழில் செய்பவர்கள் இதை மட்டும் வாங்கக் கூடாது.

இப்போது ரோலர். கையால் தள்ளும் சிறு மெஷினில் ரோலரே கிடையாது. கத்திதான் கட்டையை இழுக்கும். 2 இஞ்ச்வரை பரவாயில்லை, அதற்கு மேல் கட்டை துள்ளும், தள்ளுபவரின் மணிக்கட்டு போய்விடும். ஹைட்ராலிக் ரோலர் உள்ள மெஷினில் ‘நோ-ஸ்ட்ரெஸ்’ என்னும் கட்டுப்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்.பி.எம். ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் ரோலர் தானாக நிற்கும் அல்லது கொஞ்சம் பின்னோக்கிச் சுழலும். வேகம் மீண்டதும் திரும்ப இழுக்கும். இது இல்லாத மெஷினில் ஆபரேட்டர் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே லீவரை இயக்க வேண்டும். மாலையில் களைத்த ஆள் அதைச் சரியாகச் செய்ய மாட்டார். ரோட்டர் (கத்திகள் மாட்டிய சுழலும் தட்டு அல்லது உருளை) அடைத்துக்கொள்ளும், மூடியைத் திறந்து தோண்டி எடுக்க நேரம் போகும்.

ரோலர் சுற்றுகிறது, கட்டை நகரவில்லை என்றால் மூன்று இடம் பாருங்கள்: பற்களுக்கிடையே பட்டை அடைத்திருக்கும், மேல் ரோலரை அழுத்தும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது கத்தி மழுங்கிக் கட்டையை எதிர்த்துத் தள்ளும். பெரும்பாலும் மூன்றாவதுதான் காரணம். ஆனால் எல்லாரும் முதலில் ஹைட்ராலிக் பம்ப்பைத்தான் சந்தேகிக்கிறார்கள்.

நம் மரங்கள் ஒவ்வொன்றும் மெஷினை ஒவ்வொரு விதமாகச் சோதிக்கும். காய்ந்த சீமைக்கருவேலம் கத்தியின் முனையைச் சீக்கிரம் தின்றுவிடும்; வெட்டிய பச்சையிலேயே அரைத்துவிட்டால் கத்தி நெடுநாள் உழைக்கும். ஆல், அரசு, அத்தி மரங்களின் பால் கத்தி முகத்திலும், அதற்கு எதிரே அசையாமல் நிற்கும் கீழ்க்கத்தியிலும் பிசினாகப் படியும். வேலை முடிந்து மெஷின் முழுக்க நின்றபின் டீசல் துணியால் துடைக்காவிட்டால் மறுநாள் இழுவை குறையும். மூங்கில் நீளவாக்கில் பிளந்து, வெட்டுப்படாத சிம்புகளாக வெளியே வரும். கத்தி இடைவெளி குறைவாக இருந்தால் மட்டுமே ஒழுங்காக அரையும். மழைக்காலத்துத் தூங்குமூஞ்சி இலை தனியாகப் போனால் புகைபோக்கி போன்ற வெளியேற்றுக் குழாயில் அப்பிக்கொள்ளும். இரண்டு வாய் இலைக்கு ஒரு கட்டை என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். கட்டைத் துண்டுகள் குழாயைத் தள்ளிச் சுத்தம் செய்துவிடும்.

தென்னை மட்டையைக் கத்தி மெஷினில் விடுவதானால் அடிப்பகுதி முதலில் போக வேண்டும். முழுக்கக் காய்ந்த மட்டையைவிட அரைப்பச்சை மட்டை சுத்தமாக வெட்டுப்படும். காய்ந்த நாரை மழுங்கிய கத்தி வெட்டாமல் இழுக்கும். அந்த நார் ரோலரின் இரு ஓரங்களிலும் தண்டின் மேல் கயிறாகச் சுற்றிக்கொண்டே போய், கடைசியில் பேரிங் சீலைப் பிதுக்கிவிடும். கிரீஸ் வெளியே வரும், தூசி உள்ளே போகும், அடுத்து பேரிங் கத்தும். மட்டை அரைத்த நாளெல்லாம் மெஷினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, அந்த ஓரங்களைக் கொக்கிக் கத்தியால் அறுத்துச் சுத்தம் செய்வதை வழக்கமாக்குங்கள்.

கத்தி பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். வெளியே விழும் துண்டை ஒரு கைப்பிடி எடுத்துப் பாருங்கள். ஓரம் நறுக்கென்று இருந்தால் கத்தி நன்றாக இருக்கிறது. ஓரத்தில் நார் தொங்கினால் கத்தி மழுங்கிவிட்டது, அல்லது கத்திக்கும் கீழ்க்கத்திக்கும் இடையே இடைவெளி கூடிவிட்டது. எல்லாத் துண்டிலும் ஒரே இடத்தில் வரப்பு தெரிந்தால் கத்தியில் பல் விழுந்திருக்கிறது. விளம்பரத் தட்டி அடித்த ஆணியோ கேபிள் கட்டிய கம்பியோ உள்ளே போயிருக்கும். ஊருக்குள் வெட்டும் மரத்தின் அடிப்பகுதியில் ஆள் உயரம்வரை உள்ள கட்டையைச் சிப்பரில் விடவே வேண்டாம். ஆணியெல்லாம் அங்கேதான் இருக்கும். அதை விறகாகப் போட்டுவிடுங்கள்.

இடைவெளி பெரும்பாலான மெஷின்களில் 1 முதல் 3 மி.மீ.க்குள் வரும், உங்கள் மெஷினின் கையேடு சொல்லும் அளவே முடிவு. கத்தியைக் கழற்றியதும் அது உட்காரும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து வெறும் இரும்பு தெரிய வேண்டும். அடியில் ஒரு சிம்பு சிக்கியிருந்தாலும் கத்தி சாய்ந்து உட்காரும், ஒரு நாளில் போல்ட் தளரும். போல்ட்டை டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்துக் கையேட்டு அளவுக்கே முறுக்குங்கள். இழுபட்டு நீண்டுபோன பழைய போல்ட்டைத் திரும்பப் போட வேண்டாம். பிறகு ரோட்டரைக் கையால் சுற்றி, ஒவ்வொரு கத்தியின் இரு முனைகளிலும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு கத்தியில் மட்டும் பார்த்துவிட்டு மூடியை மூடுவது ஆபத்து. சாணை பிடிக்கும்போது எல்லாக் கத்தியிலும் ஒரே அளவு உலோகம் போக வேண்டும், இல்லையென்றால் எடை மாறி மெஷின் நடுங்கும். தண்ணீர் விடாமல் தேய்த்து முனை நீலம் பாய்ந்தால் பதம் போய்விட்டது. அந்தக் கத்தி ஒரு நாள்கூட நிற்காது. கையில் இரண்டு செட் கத்தி எப்போதும் இருக்கட்டும்.

டிராக்டரில் மாட்டும் மெஷினுக்கு 45–50 எச்.பி. டிராக்டர் 6 இஞ்ச் வகைக்குப் பொருத்தம். டிராக்டரின் பின்னாலிருந்து மெஷினைச் சுழற்றும் தண்டுதான் பி.டி.ஓ. அது நிமிடத்துக்கு 540 சுற்று எந்த இன்ஜின் வேகத்தில் வருகிறது என்று மீட்டரிலேயே குறியிருக்கும். அங்கேயே வைத்து ஓட்டுங்கள். குறைந்த இன்ஜின் வேகத்திலேயே 540 தரும் எகானமி பி.டி.ஓ.வில் டீசல் மிச்சம் என்று ஓட்டினால் கட்டை வந்ததும் இன்ஜின் மூச்சு முட்டும். பி.டி.ஓ. தண்டில் ஓவர்ரன்னிங் கிளட்ச் (விசையை ஒரு திசையில் மட்டும் கடத்தும் இணைப்பு) இல்லாமல் டிஸ்க் சிப்பரை ஓட்டாதீர்கள். கனமான தட்டு கிளட்ச்சை மிதித்த பிறகும் சுழன்றுகொண்டிருக்கும். அந்த விசை பின்னோக்கி வந்து கியர்பாக்ஸை அடிக்கும், சில டிராக்டர்களை முன்னே தள்ளவும் செய்யும்.

தனி இன்ஜின் உள்ள மெஷினில் நம் வெயிலுக்கு முதல் எதிரி ரேடியேட்டர் வலை. வேப்பிலைத் தூசி அதில் கம்பளம் போலப் படியும். சூடு ஏறிய பின் பார்ப்பதைவிட டீ இடைவேளைதோறும் தட்டிவிடுவது நல்லது. காற்றுக்குழாய் பிடித்தால் விசிறிப் பக்கத்திலிருந்து வெளிப்புறமாக ஊதுங்கள். வெளியிலிருந்து அடித்தால் தூசி உள்ளே இறுகும். புதுப் பெல்ட் முதல் சில மணி நேரத்திலேயே நீளும், மறுபடி இறுக்க வேண்டும். ஒன்று அறுந்தால் முழு செட்டையும் மாற்றுங்கள். புதியதும் பழையதும் கலந்தால் புதியதே முழுச் சுமையையும் தாங்கி அதுவும் போகும்.

பாதுகாப்பில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்: கயிறு. மரம் ஏறுபவரின் கயிறோ கொப்பு இறக்கும் கயிறோ கிளையோடு சேர்ந்து ரோலருக்குள் போனால், மறுமுனையில் மாட்டியிருக்கும் ஆளை நொடிகளில் இழுத்துவிடும். கயிறு கிடக்கும் இடத்துக்கு அருகில் சிப்பர் ஓடவே கூடாது. தோள் துண்டு, லுங்கி, மணிக்கட்டில் விரிந்த கையுறை எதுவும் வேண்டாம். அடிமுனை முதலில் போக, பக்கவாட்டில் நின்று விட்டுவிட்டு விலகுங்கள். கடைசிக் குச்சியைக் காலால் உதைக்காமல் இன்னொரு நீளக் கொப்பால் தள்ளுங்கள். அவசரத் தடுப்புப் பட்டியைத் தினமும் காலையில் ஒரு முறை அழுத்தி, ரோலர் நிற்கிறதா என்று பாருங்கள்.

எங்கள் தேர்வு: கிளை வெட்டும் ஒப்பந்த வேலைக்கு, அகல வாயும் நோ-ஸ்ட்ரெஸ்ஸும் உள்ள டிரம். சவுக்கு, தைலம் போன்ற நேர்க்கட்டையைத் துண்டாக்கி விற்பவர்களுக்கு டிராக்டர் டிஸ்க். தோப்பு மட்டும் என்றால் சுத்தியல் போதும்.

பழைய மெஷின் பார்ப்பவர்கள் பெயின்ட்டைப் பார்க்க வேண்டாம். பெல்ட்டைத் தளர்த்தி ரோட்டரைக் கையால் சுற்றி, பேரிங்கில் கரகரப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். கத்தி உட்காரும் இடத்தைச் சுற்றி விரிசலோ வெல்டிங் தழும்போ இருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம். கீழ்க்கத்தி பல மெஷின்களில் திருப்பிப் போடக்கூடியது. எத்தனை ஓரம் மிச்சம் என்று கழற்றிப் பாருங்கள். கடைசியாக, அரை மணி நேரம் கட்டை விட்டு எண்ணெய் நன்றாகச் சூடானபின் ரோலரைப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். தேய்ந்த பம்ப் குளிரில் நன்றாகவே இழுக்கும், சூட்டில்தான் தயங்கும்.