50 காசு நாணயமும் என் கார்பன் சைக்கிளும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கார்பன் நார் சைக்கிளுக்கு யார் பட்டறை வைக்கப் போகிறார்கள் என்று நானே சிரித்திருக்கிறேன். என் சைக்கிளைச் சரிசெய்த இதுவும் சைக்கிள் பட்டறை இல்லை. மோட்டார் சைக்கிள் கவர், மீன் தொட்டி, எப்போதாவது ஒரு படகு என்று ஃபைபர் வேலை பார்க்கும் தகரக் கொட்டகை. பெயர்ப்பலகைகூட கிடையாது.

தப்பு என்னுடையதுதான். தோட்டத்து மண் சாலையில் சைக்கிளைச் செம்பனை மரத்தில் சாய்த்துவிட்டு, குலை வெட்டிக்கொண்டிருந்த மாமாவிடம் கதை பேசி நின்றேன். வெட்டிய மட்டை சரிந்து, அதன் அடிக்கட்டை சைக்கிளின் மேல் குழாயில் விழுந்தது. நகம் பட்ட மாதிரி ஒரு கீறல், அவ்வளவுதான். முதலில் காட்டிய கடையில் (பெயர் வேண்டாம்) "புட்டி வச்சு பெயிண்ட் அடிச்சிரலாம், 60 வெள்ளி" (ரிங்கிட்) என்றார்கள். நல்லவேளை, அன்று அவர்களிடம் சிவப்பு பெயிண்ட் இல்லை.

பட்டறை அண்ணன் கீறலைச் சட்டை செய்யவே இல்லை. என்னிடம் 50 காசு கேட்டு வாங்கி, குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே வந்தார். டிக், டிக், டிக். கீறல் கிட்டே வந்ததும் தொப், தொப். எனக்கே கேட்டது. சத்தம் மாறிய இடத்தைச் சாக்பீஸால் வளைத்தார். கீறலைப் போல நாலைந்து மடங்கு.

"அலுமினியம்னா நசுங்கிக் காட்டிக் குடுத்திரும் தம்பி. பெயிண்ட் அடிக்காத கண்ணாடி நார்கூட வெளுத்துப்போயிரும். இந்தக் கார்பன் கருப்பு, வாயே திறக்காது."

கேபிள் நுழையும் ஓட்டை வழியாகச் சின்னக் கேமராவை விட்டுக் காட்டினார். உள்பக்கம் நட்சத்திரம் மாதிரி வெடித்திருந்தது. அடி விழும்போது குழாய் உள்ளே வளைகிறது. நார் தாங்கினாலும் நடுவில் இருக்கும் பிசின் தாங்காமல் விரிசல் விட்டு, அடுக்குகள் பிரிகின்றன. அதனால்தான் சேதம் உள்ளே போகப்போக அகலம். பிரிந்த அடுக்குகள் இழுத்தால் ஓரளவு தாங்குமாம், அமுக்கினால் தனித்தனியாக மடங்கிவிடுமாம். லோரி போட்ட குழிகளில் தினம் ஓட்டுகிறவனுக்கு இதைக் கேட்க வயிற்றைக் கலக்கியது.

முகமூடி போட்டுக்கொண்டு (எனக்கும் ஒன்று தந்தார்), அடிபட்ட இடத்தைக் கிண்ணம் போலச் சரிவாகத் தேய்த்தார். பிறகு ஒன்றைவிட ஒன்று பெரிதாக வெட்டிய கார்பன் துணித் துண்டுகளை, நார் ஓடும் திசை பார்த்து, எபோக்சிப் பிசினில் ஒட்டி இறுக்கிச் சுற்றினார். கவர்களுக்கு ஊற்றும் மலிவான பாலியஸ்டர் பிசினைத் தொடவில்லை. சைக்கிளில் ஏற்கெனவே இருக்கும் எபோக்சி மேல் அது சரியாகப் பிடிக்காதாம்.

280 வெள்ளி. நாலு நாள் என்றவர் ஒன்பது நாள் ஆக்கினார், போனையும் எடுக்கவில்லை. சிவப்பு வேறு கொஞ்சம் மங்கல்; வெயிலில் ஒட்டுப்போட்டது தெரிகிறது. ஆனால் அதே சைக்கிளில் கோலகங்சார் வரை போய்த் திரும்பிவிட்டேன். வேலைக்கு முழு மார்க்.

அந்த 50 காசு மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை.