தொலைபேசி இலக்கத்தை ஏபிஐயில் எப்படி வைப்பது: ஒற்றை ஸ்ட்ரிங்கா, ஒப்ஜெக்டா?

உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளுக்கு அறை பதிவு செய்யும் ஏபிஐ (செயலிகளும் சர்வரும் தகவல் பரிமாறும் வாசல்) ஒன்றைத் திருகோணமலையில் இருந்து எழுதிக்கொண்டிருக்கிறோம். விருந்தினர், வரவேற்பறை, வான்காரர், புறாத் தீவுக்குப் படகு விடுபவர் என்று எல்லோருக்கும் நம்பர் உண்டு. அதை எந்த வடிவில் வாங்கிக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. ஸ்ட்ரிங் என்றால் வெறும் எழுத்து வரிசை. ஒப்ஜெக்ட் என்றால் பெயரிட்ட பல ஃபீல்டுகள் (தகவல் கட்டங்கள்) கொண்ட தொகுப்பு. நான் ஒப்ஜெக்ட் பக்கம். ஆனால் நம்பரைத் துண்டு துண்டாக வெட்டி வைக்கும் ஒப்ஜெக்ட் அல்ல.

வெறும் இன்டீஜராக, அதாவது முழு எண்ணாக, வைப்பதைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. 026 என்பது 26 ஆகிவிடும். 94ஐச் சேர்த்தால் 11 இலக்கம், 32 பிட்டுக்குள் அடங்காது. தொலைபேசி நம்பரை யாரும் கூட்டிக் கழிப்பதும் இல்லை.

அடுத்தது ஈ.164 ஸ்ட்ரிங். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை இது: முன்னால் ஒரு கூட்டல் குறி, பிறகு நாட்டுக் குறியீடு, பிறகு உள்நாட்டு நம்பர், எல்லாம் சேர்ந்து அதிகபட்சம் 15 இலக்கம். இடைவெளி, கோடு, அடைப்பு எதுவும் வேண்டாம். ஒரு நம்பருக்கு ஒரே எழுத்து வடிவம் என்பதால் இரட்டைப் பதிவைக் கண்டுபிடிப்பது சுலபம். கூட்டல் குறியை மட்டும் எடுத்துவிட்டால் வட்ஸ்அப் லிங்கும் தயார். ஒரேயொரு எரிச்சல்: யூஆர்எல் கேள்விப் பகுதியில் கூட்டல் குறி இடைவெளியாகிவிடும், %2B என்று அனுப்ப வேண்டும்.

நாட்டுக் குறியீடு, பிரதேசக் குறியீடு, மிச்சம் என்று மூன்று ஃபீல்டாகப் பிரிக்கும் முறை பார்க்க ஒழுங்காக இருக்கும். இலங்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் பிரச்சினையே இல்லை: 94, 26, பிறகு ஏழு இலக்கம். வெளிநாட்டு விருந்தினர் வந்ததும் குழப்பம் தொடங்கும். பிரதேசக் குறியீட்டின் நீளமே மாறும்: லண்டனுக்கு 20, மான்செஸ்டருக்கு 161. சிங்கப்பூருக்குப் பிரதேசக் குறியீடே கிடையாது. ரோம் நகரத்து லேண்ட்லைனுக்கு +39க்குப் பிறகும் 06இன் பூச்சியத்தை விடக்கூடாது. தொலைபேசி நம்பர்களைக் கையாளும் கூகுளின் லிப்ஃபோன்நம்பர் மென்பொருள் நூலகம் இந்த இத்தாலியப் பூச்சியத்துக்கென்றே தனி ஃபீல்ட் வைத்திருக்கிறது. பிரதேசக் குறியீட்டுக்கு வைக்கவில்லை. அவர்களே வைக்காததை நான் ஏன் வைக்க வேண்டும்?

நாங்கள் எடுத்தது நான்காவது வழி. கூகுளின் பொது ஏபிஐ வகைகளில் இருக்கும் ஃபோன்நம்பர் வகையை ஒட்டியது. ஒப்ஜெக்டுக்குள் ஈ.164 ஸ்ட்ரிங் முழுதாக இருக்கும், அல்லது அதற்குப் பதிலாக ஒரு குறு இலக்கம் இருக்கும். இரண்டில் ஒன்றுதான். கூடவே, தேவைப்பட்டால் எக்ஸ்டென்ஷன் (உள்ளிணைப்பு நம்பர்).

குறு இலக்கம் எதற்கு என்று கேட்கலாம். அவசரத் தொடர்புப் பட்டியலில் பொலிஸ் 119, சுவசெரிய ஆம்புலன்ஸ் 1990 இரண்டும் வர வேண்டும். இவற்றை +94 போட்டு எழுத முடியாது. எந்த நாட்டுக்குள் வேலை செய்யும் என்பதைத்தான் பக்கத்தில் சொல்ல வேண்டும். இவற்றையும் ஸ்ட்ரிங்குக்குள்ளேயே போட்டால், முன்னால் கூட்டல் குறி இருக்கிறதா என்று ஒவ்வொரு செயலியும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஆனால் முடிவைத் தீர்மானித்தது அதுவல்ல, பராமரிப்பு. ஏபிஐயை வெளியே விட்ட பிறகு ஸ்ட்ரிங்கை ஒப்ஜெக்டாக மாற்றினால் அதைப் பயன்படுத்தும் அத்தனை செயலிகளும் உடையும். விடுதிக்காரர்கள் அப்டேட் போட மாட்டார்கள். சீசன் நேரத்தில் போட்டோவுக்கே போனில் இடமிருக்காது. மாற்றாமல் விட்டாலோ வேறு தலைவலி. பெரிய ஹோட்டல் ஒன்று வரவேற்பறைக்கு எக்ஸ்டென்ஷன் கேட்கும். உடனே யாராவது நம்பரின் வாலில் எக்ஸ் 12 என்று ஒட்டுவார். சரிபார்ப்பு விதியைத் தளர்த்துவோம். அப்புறம் அந்த ஃபீல்டில் எது வந்தாலும் ஏற்க வேண்டியதுதான். ஒப்ஜெக்டில் இந்தத் தொல்லை இல்லை: புதிய ஃபீல்டைச் சேர்க்கலாம், தெரியாத ஃபீல்டைக் கண்டுகொள்ளாமல் விடும்படி எழுதிய பழைய செயலி அப்படியே ஓடும். முதல் நாளிலேயே ஒப்ஜெக்டாகத் தொடங்க ஆகும் செலவு இரண்டு சுருள் அடைப்பு மட்டும்தான்.

குறையும் உண்டு. இரண்டில் ஒன்றுதான் என்ற விதியை ஜேசன் (தகவலை அனுப்பும் எழுத்து வடிவம்) தானாகக் காக்காது. ஏபிஐயின் விதிகளை விவரிக்கும் ஓப்பன்ஏபிஐ ஆவணத்தில் எழுதி, சர்வரிலும் சோதிக்க வேண்டும். எங்களிடம் இருப்பது பிஎச்பி சர்வரும் ஃப்ளட்டர் செயலியும். இரண்டிலும் தொந்தரவில்லை, வேறு மொழிகளுக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். டேட்டாபேஸில் இப்போதும் ஈ.164 ஒரே கொலம்தான், எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் தனியாக. உள்ளூர் கைபேசிக்கு ஓடிபி அனுப்புவது மட்டுமே உங்கள் வேலை என்றால் ஸ்ட்ரிங்கே போதும், இவ்வளவு யோசிக்க வேண்டாம்.

எதை எடுத்தாலும், குறு இலக்கம் தவிர, கூட்டல் குறி இல்லாத நம்பரை ஏபிஐ வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். எல்லாவற்றையும் இலங்கை நம்பர் என்று எடுத்துக்கொண்டு 94 சேர்ப்பது ஆபத்து. பிரான்ஸ் கைபேசி நம்பரும் உள்நாட்டு வடிவில் பத்து இலக்கம், 06இலும் தொடங்கும். அடுத்த இலக்கம் 5 என்றால் மட்டக்களப்பு லேண்ட்லைன் போலவே தெரியும். நாங்கள் நாட்டைப் படிவத்திலேயே கேட்டு, செயலியிலேயே ஈ.164 ஆக்கி அனுப்புகிறோம்.