தோழியா, சித்தியா: காதலை முதலில் யாரிடம் சொல்வது?

கிளிநொச்சியில் ரியூசன் முடிந்து சைக்கிள் உருட்டிவரும் பதினாறு வயதுப் பிள்ளை காதலை முதலில் தோழியிடம்தான் சொல்லும். அவள் ஏசமாட்டாள். ‘எங்க நிக்கிறாய், ஆரோட?’ என்று காதலன் ஓயாமல் கேட்பதை முதலில் கவனிப்பவளும் அவள்தான். ஆனால் அவளுக்கும் அதே வயது. தூது போய்ச் சண்டையைப் பெருப்பித்துவிடுவாள்.

வீட்டில் என்றால் அம்மாவைவிடச் சித்தி சுகம், பதறாமல் கேட்டால். போனைப் பறித்தால் பிள்ளை தோழியின் போனுக்கு மாறும், பொய்யும் பழகும். அவசரக் கலியாணம் வேண்டவே வேண்டாம். இலங்கையின் பொதுச் சட்டத்தில் திருமண வயது 18.

படம் கேட்டு வெருட்டினால் தோழி போதாது. மெசேஜை அழிக்காமல் சித்தியிடம் காட்டுங்கள்; சிறுவர் உதவி இலக்கம் 1929.